நான்சி ட்ரூ: ஒரு கதைமாந்தரும் அவளை எழுதிய கைகளும்

நுழையும்முன்

துப்பறியும் கதையை நூலகத்தில் தேடிப் படிக்கும் மாணவர்கூட அது பாடநூலில் இடம்பெறும் என்று எதிர்பார்ப்பதில்லை. ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கப்பட்ட இவ்வகை எழுத்துக்குள்ளும் மொழித்திறன், கதைக்கட்டு, காலத்தின் சமூக மனநிலை ஆகியன பதிந்து கிடக்கின்றன. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றி இன்றுவரை படிக்கப்படும் ஓர் இளையோர் துப்பறியும் நூல்வரிசையை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது. அந்நூல்களின் அட்டையிலிருந்த எழுத்தாளரின் பெயரும் ஒரு மர்மமாகவே இருந்தது. அது விலகிய வரலாற்றையும் இதில் காண்போம்.

பழங்கடிகாரம்

ரிவர் ஹைட்ஸ் என்பது அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஊர். எந்த நிலப்படத்திலும் அதனைக் காண இயலாது. அங்கு வாழும் கார்சன் ட்ரூ புகழ்பெற்ற வழக்கறிஞர். அவருடைய ஒரே மகள் நான்சி. பதினாறு வயதினள், பள்ளிப்படிப்பை முடித்தவள், தாயை இளமையிலேயே இழந்தவள். வீட்டை ஹன்னா குருயென் என்னும் அம்மையார் கவனித்துக்கொள்கிறார். தந்தை தம் வழக்குகளைப் பற்றி மகளிடம் மனம்விட்டுப் பேசுவார். அவளுடைய கருத்தையும் கேட்பார். நான்சி நீலநிற மகிழுந்தைத் தானே ஓட்டிச் செல்வாள்.

வரிசையின் முதல் நூலான ‘பழங்கடிகாரத்தின் இரகசியம்’ ஓர் உயிலைச் சுற்றி அமைந்தது. ஜோசையா கிரௌலி என்னும் செல்வர் இறந்துபோகிறார். அவர் தம் இறுதிக்காலத்தில் டாப்ஹம் குடும்பத்தாருடன் வாழ்ந்தவர். எழுதி வைத்த உயிலின்படி சொத்து முழுவதும் அந்தக் குடும்பத்திற்கே சேரவேண்டும். டாப்ஹம் வீட்டார் பணச்செருக்கு மிக்கவர்கள். கிரௌலி வாழ்ந்த காலத்தில் ஏழை உறவினர் பலருக்கு உதவுவதாக வாக்களித்திருந்தார். அவர் பின்னர் வேறோர் உயில் எழுதியிருக்கக்கூடும் என்று நான்சி ஐயுறுகிறாள். ஐயம் மட்டும் நீதிமன்றத்தில் செல்லாது, சான்று வேண்டும்.

சான்று அவளுக்கு எவ்வாறு கிடைக்கிறது என்பதைக் கவனிக்க. பெருமழையில் சிக்கிய நான்சி, ஒரு பண்ணைவீட்டில் ஒதுங்குகிறாள். அங்கு வாழும் ஹார்னர் சகோதரியர் இருவரும் கிரௌலியின் அன்புக்குரியவர்கள். ஒருத்தி தையல்வேலை செய்கிறாள், மற்றொருத்தி கோழி வளர்க்கிறாள். அவர்கள் வழியாக அபிகேல் ரோவன் என்னும் மூதாட்டியைப் பற்றி அறிகிறாள். தேடிச்சென்றால், மூதாட்டி கீழே விழுந்து அடிபட்டு, உணவின்றிக் கிடக்கிறார். நான்சி முதலில் தேநீர் வைத்துக் கொடுத்து அவரைத் தேற்றுகிறாள். உயிலைப் பற்றிய பேச்சு அதன்பிறகே வருகிறது. மூதாட்டிக்குச் செய்தி நினைவுக்கு வர மறுக்கிறது. அப்போது அவர் பார்வை தம் வீட்டுக் கடிகாரத்தின்மேல் விழுகிறது. உடனே நினைவு திரும்புகிறது: கிரௌலி இரகசியத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதினார், அக்குறிப்பேடு அவருடைய பழங்கடிகாரத்தோடு தொடர்புடையது.

கடிகாரமோ டாப்ஹம் குடும்பத்தாரின் உடைமையாகி, மூன் ஏரிக்கரையில் அவர்களுக்குள்ள கோடைகால வீட்டிற்குப் போய்விட்டது. நான்சி அங்கே செல்லும் வேளையில் அவ்வீட்டைத் திருடர்கள் சூறையாடிக்கொண்டிருக்கின்றனர். அவளைத் துணி வைக்கும் சிற்றறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுச் செல்கின்றனர். இருட்டில் கத்தியும் கதவை உதைத்தும் பயனில்லை என்றறிந்ததும், துணி மாட்டும் கழியைக் கழற்றி நெம்புகோலாகப் பயன்படுத்திக் கதவைப் பெயர்க்க முனைகிறாள். பின்னர் வீட்டுக் காவலர் வந்து திறந்துவிடுகிறார். விடுபட்டவள் வீடு திரும்பவில்லை. திருடர்களின் சரக்கு வண்டியைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குள்ளிருந்த கடிகாரத்திலிருந்து குறிப்பேட்டை எடுத்துக்கொள்கிறாள். புதிய உயில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் வேறொரு பெயரில் வைக்கப்பட்டிருக்கும் செய்தி அதில் இருக்கிறது. ஏழை உறவினர் உரிமை பெறுகின்றனர். நான்சி நினைவுப்பொருளாகப் பெறுவது அந்தக் கடிகாரத்தைத்தான்.

சிற்றூர் என்னும் களம்

பெருநகரத் துப்பறிவாளர் முன்பின் அறியாதவர்களின் குற்றங்களை ஆராய்கிறார். சிற்றூரில் நிலைமை வேறு. அங்கே டாப்ஹம் வீட்டுப் பெண்களை நான்சி கடைவீதியில் நேருக்குநேர் காண்கிறாள். அவர்கள் அவளோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். யார் வீட்டில் யார் தங்கியிருந்தார், யாருக்கு யார் உறவு, எந்தப் பொருள் எந்த வீட்டிற்குச் சென்றது ஆகியன ஊருக்குத் தெரிந்த செய்திகள். அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்கு எவரும் முனையவில்லை, நான்சி முனைகிறாள். உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஆய்வுக்கூடமும் இங்குத் தேவைப்படவில்லை. வயதானவர்களின் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் செவியே அவளுடைய முதன்மையான கருவி. இத்தகைய கதைகளைப் படிக்கும் மாணவர் பலர் துரத்தல் காட்சிகளையே நினைவில் வைத்திருப்பர். ஆனால், கதையின் திருப்புமுனை அபிகேலின் சமையலறையில் நிகழ்கிறது என்பதை வகுப்பில் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறேன்.

நூல்வரிசை வளர வளர நான்சியின் வட்டமும் விரிந்தது. ஐந்தாம் நூலில் பெஸ், ஜார்ஜ் என்னும் தோழியர் வருகின்றனர். ஜார்ஜ் என்பது ஆண்பாற் பெயராயினும் அவள் பெண்ணே. துணிவும் உடல்வலிமையும் மிக்கவள். ஏழாம் நூலில் நெட் நிக்கர்சன் என்னும் இளைஞன் அறிமுகமாகிறான். அவன் உதவுகிறான், வழக்கை முடிப்பவள் நான்சியே.

இந்நூல்கள் வெளிவந்த காலம் பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். 1929இன் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப்பின் அமெரிக்கக் குடும்பங்கள் பல வேலையும் வீடும் இழந்தன. பறிபோன சொத்து உரியவர்க்குத் திரும்புவதாக அமைந்த கதையை அக்கால வாசகர்கள் விரும்பியதில் வியப்பில்லை. ஏட்டில் உள்ள நான்சிக்குப் பணக்கவலை இல்லை. அவளை எழுதியவருக்கு இருந்தது.

எழுதியவர் யார்?

நூலின் அட்டையில் ‘கரோலின் கீன்’ என்னும் பெயர் அச்சாகியிருந்தது. அப்பெயரில் ஒருவர் வாழ்ந்ததே இல்லை.

நியூஜெர்சியைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புதுமையான எழுத்து நிறுவனத்தை நடத்தினார். நூல்வரிசைக்கான எண்ணம் அவருடையது. ஒவ்வொரு நூலுக்கும் சில பக்கங்களில் கதைச்சுருக்கம் எழுதுவார். அதனை ஓர் எழுத்தாளரிடம் கொடுத்து முழுநூலாக எழுதி வாங்குவார். எழுதியவருக்கு ஒருமுறை மட்டும் தொகை தரப்படும். விற்பனையில் பங்கு இல்லை. நூலின் மீதுள்ள உரிமைகளை விட்டுக்கொடுப்பதாகவும் எழுதியது தாமே என்பதை வெளியில் சொல்வதில்லை என்றும் அவர் கையெழுத்திட வேண்டும். நூல் புனைபெயரில் வரும்; அப்புனைபெயர் நிறுவனத்தின் சொத்து. எழுதுபவர் மாறலாம், பெயர் மாறாது. ஹார்டி சகோதரர்கள் என்னும் சிறுவர் துப்பறியும் வரிசையும் 1927இல் இம்முறையிலேயே தொடங்கியது.

நம் மொழியில் புனைபெயர் புதிதன்று. கல்கி, புதுமைப்பித்தன், சுஜாதா ஆகிய பெயர்களைக் கேட்டதும் எழுதியவர் இன்னார் என்று சொல்லிவிடுகிறோம். அங்கே புனைபெயர் எழுத்தாளரின் மற்றொரு முகம். கரோலின் கீன் அவ்வாறானதன்று. அது எவருக்கும் பொருந்தும்படி செய்யப்பட்ட முகமூடி.

சிறுவர் வரிசை வெற்றிபெற்றதும் சிறுமியர்க்கும் ஒரு துப்பறியும் வரிசை வேண்டும் என்று ஸ்ட்ராட்டமேயர் கருதினார். நாயகிக்குப் பல பெயர்களைப் பரிந்துரைத்தார். கிராசெட் அண்ட் டன்லப் பதிப்பகத்தார் அவற்றுள் ‘நான் ட்ரூ’ என்பதைத் தேர்ந்து ‘நான்சி ட்ரூ’ என நீட்டினர். முதல் மூன்று நூல்கள் 1930 ஏப்ரல் 28 அன்று ஒருசேர வெளியாயின. பன்னிரண்டு நாள்களில், மே 10 அன்று, ஸ்ட்ராட்டமேயர் காலமானார். தாம் உருவாக்கியவளின் வெற்றியை அவர் காணவில்லை.

அம்மூன்றையும் எழுதியவர் மில்ட்ரெட் அகஸ்டின். 1905இல் அயோவா மாநிலத்தின் லடோரா என்னும் சிற்றூரில் மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். பதின்பருவத்திலேயே சிறுகதை எழுதி இதழில் வெளியிட்டவர். 1927இல் அயோவா பல்கலைக்கழகத்தில் இதழியலில் முதுகலைப்பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் மாணவர் அவரே. திருமணத்திற்குப்பின் மில்ட்ரெட் வர்ட் எனவும், மறுமணத்திற்குப்பின் மில்ட்ரெட் வர்ட் பென்சன் எனவும் அறியப்பட்டார்.

ஒரு நூலுக்கு அவர் பெற்ற தொகை 125 டாலர். பெருமந்தக் காலத்தில் நிறுவனம் அதனை 75 டாலராகக் குறைத்தது. அவர் உடன்படாமல் விலகினார். எட்டு, ஒன்பது, பத்தாம் நூல்களை வால்டர் கரிக் என்னும் வேறோர் எழுத்தாளர் எழுதினார். வாசகர்கள் வேறுபாட்டை அறியவில்லை. அட்டையில் அதே கரோலின் கீன். பின்னர் மில்ட்ரெட் திரும்பி வந்தார். 1953 வரை, முதல் முப்பது நூல்களில் இருபத்துமூன்று அவர் கைவண்ணத்தில் உருவாயின.

ஸ்ட்ராட்டமேயர் கொடுத்தது கதைச்சுருக்கம்தான் என்றால், நான்சியைப் படைத்தவர் என்று எவரைச் சொல்வது? கதையின் எலும்புக்கூடு அவருடையது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் நான்சியின் பேச்சில் உள்ள துடுக்கு, எவரிடமும் இசைவு கேட்டு நிற்காத நடை, பூட்டிய அறையில் அழாமல் கழியைத் தேடும் கை ஆகியன மில்ட்ரெட்டின் கொடை என்பது என் துணிபு. தம் கையெழுத்துப்படியைக் கண்ட ஸ்ட்ராட்டமேயர், நாயகி மிகவும் துடுக்காக இருக்கிறாள் என்று மனநிறைவு கொள்ளவில்லை எனவும் பதிப்பகத்தார் அவளை விரும்பி ஏற்றனர் எனவும் மில்ட்ரெட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மகளின் பங்கு

ஸ்ட்ராட்டமேயரின் மறைவுக்குப்பின் நிறுவனத்தை அவருடைய மகளிர் ஹாரியட் ஆடம்ஸ், எட்னா இருவரும் ஏற்று நடத்தினர். பெண்கள் ஒரு வணிக நிறுவனத்தை நடத்துவது அரிதாயிருந்த காலம் அது. ஹாரியட் கதைச்சுருக்கங்களை எழுதினார். 1950களிலிருந்து நூல்களையும் தாமே எழுதலானார். நேர்காணல்களில் நான்சியின் எழுத்தாளர் தாமே என்று அறிவித்தும் வந்தார். மில்ட்ரெட் வாய்திறக்கவில்லை, அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்.

1959 முதல் பழைய நூல்கள் திருத்தி எழுதப்பட்டன. இருபத்தைந்து இயல்கள் இருபதாகச் சுருங்கின. நான்சியின் வயது பதினெட்டாக உயர்ந்தது. திருத்தத்திற்கு ஒரு முறையான காரணமும் இருந்தது. பழைய பதிப்புகளில் கறுப்பின மக்களும் வேறு சில இனத்தவரும் இழிவான முறையில் சித்திரிக்கப்பட்டிருந்தனர். முதல் நூலில் நான்சியின் அறையைத் திறந்துவிடும் காவலர் ஒரு கறுப்பினத்தவர். குடிகாரராகவும் கொச்சைமொழி பேசுபவராகவும் நகைப்புக்குரியவராகவும் காட்டப்பட்டிருந்தார். திருத்திய பதிப்பில் அவர் வெள்ளையராகிவிடுகிறார், குடிகாரராகவும் இல்லை. இழிவு நீங்கியது. ஆனால், அவ்வினத்தவருக்கு மதிப்புடைய இடம் கதையில் தரப்பட்டதா என்றால், இல்லை. அவர்கள் ஊரைவிட்டே அகற்றப்பட்டனர். தவறான சித்திரத்தைத் திருத்துவதும் அழிப்பதும் ஒன்றல்ல என்பதை இலக்கிய மாணவர் எண்ணிப்பார்க்க வேண்டும். திருத்தத்தில் நான்சியின் துடுக்கும் குறைந்தது. பழைய நடையின் நிதானமான வருணனைகளை விரும்புவோர் இருந்தமையால், 1991 முதல் முதற்பதிப்புகள் மீண்டும் அச்சாயின. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது மொழிநடைக்கு நல்ல பயிற்சி.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்கப் பொது நூலகங்கள் பல, நிறுவனங்கள் உருவாக்கிய இவ்வகை நூல்வரிசைகளைப் பல பத்தாண்டுகள் வாங்க மறுத்தன. மலிவான விறுவிறுப்பு இளைஞரின் சிந்தனையைக் கெடுக்கும் என்று 1914இலேயே அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் தலைமை நூலகர் பிராங்க்ளின் மாத்யூஸ் கடுமையாக எழுதினார். எனினும் சிறுவர்கள் தம் சேமிப்பில் வாங்கியும் ஒருவர்க்கொருவர் கைமாற்றியும் படித்தனர். அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகளான சாண்ட்ரா டே ஓ’கானர், ரூத் பேடர் கின்ஸ்பர்க், சோனியா சோட்டோமேயர் ஆகிய மூவரும் தம் இளமையில் நான்சி ட்ரூ நூல்களைப் படித்ததாகக் கூறியுள்ளனர்.

நீதிமன்றத்தில் திறந்த பெட்டகம்

1979இல் ஹாரியட் புதிய நூல்களை வேறொரு பதிப்பகத்திற்கு வழங்க முடிவுசெய்தார். ஐம்பது ஆண்டுகளாக வெளியிட்டு வந்த கிராசெட் அண்ட் டன்லப் வழக்குத் தொடுத்தது. 1980இல் நியூயார்க்கில் நடந்த அவ்வழக்கில், நான்சி ட்ரூ நூல்களை எழுதியவர் யார் என்னும் வினா எழுந்தது. எழுபத்துநான்கு வயதான மில்ட்ரெட் சாட்சியாக அழைக்கப்பட்டார். நிறுவனத்திற்கும் அவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து நீதிமன்றத்தில் ஆவணமாயிற்று. அரைநூற்றாண்டாகச் சொல்லாதிருந்ததை அவர் அங்கே, உறுதிமொழி எடுத்துக்கொண்டபின், சொன்னார்.

வழக்கு இரு பதிப்பகங்களுக்கு இடையேயானது. பழைய நூல்களின் கெட்டி அட்டைப் பதிப்பு கிராசெட்டிடமே இருக்கவும் புதியன வேறு பதிப்பகத்திற்குச் செல்லவும் தீர்ப்பாயிற்று. மில்ட்ரெட்டிற்கு அதனால் ஒரு டாலரும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. உரிமையை அவர் எழுதிக் கொடுத்திருந்தார் அல்லவா? வெளியுலகமும் அச்செய்தியை உடனே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1993இல் அயோவா பல்கலைக்கழகம் நான்சி ட்ரூ குறித்து ஒரு கருத்தரங்கை நடத்தி, தன் பழைய மாணவரைப் பெருமைப்படுத்தியது. அதன்பிறகே அவர் பெயர் பரவலாகத் தெரியவந்தது.

ஹாரியட்டை இவ்வரலாற்றின் தீயவராகக் காட்டுவது எளிது, சரியன்று. அவர் இல்லையெனில் தந்தையின் நிறுவனம் 1930லேயே மூடப்பட்டிருக்கும்; நான்சியும் சில நூல்களோடு மறைந்திருப்பாள். வாசகர்கள் கேட்டபோதெல்லாம் ‘கரோலின் கீன்’ ஒருவரே என்று காட்டவேண்டிய வணிகத் தேவை அவருக்கு இருந்தது. நாளடைவில் அந்த முகமூடி அவர் முகத்தோடு ஒட்டிக்கொண்டது எனலாம்.

மில்ட்ரெட் தம் சொந்தப் பெயரிலும் எழுதினார். செய்தியாளராகத் துப்பறியும் பென்னி பார்க்கர் என்னும் சிறுமியைப் படைத்தார்; தம் படைப்புகளில் தமக்கு மிகவும் பிடித்தவள் அவளே என்றும் கூறியிருக்கிறார். எல்லாப் பெயர்களிலும் சேர்த்து அவர் எழுதியவை 130க்கும் மேற்பட்ட நூல்கள். ஓஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் செய்தியாளராகப் பணியாற்றினார். வானூர்தி ஓட்டவும் உரிமம் பெற்றிருந்தார். தொண்ணூறு வயதைக் கடந்தபின்னும் நாளிதழுக்குப் பத்தி எழுதினார். 2002 மே 28 அன்று, தம் தொண்ணூற்றாறாம் வயதில், நாளிதழ் அலுவலகத்தில் பணியில் இருந்தபோது உடல்நலம் குன்றி, அன்றே காலமானார். நான்சியின் கதைகளை அவர் தட்டச்சு செய்த பொறி இன்று அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகமான ஸ்மித்சோனியனில் உள்ளது.

கற்பவை கற்றபின்…

1. திருடர்களின் வண்டிக்குள் ஏறி, தனக்கு உரிமையில்லாத கடிகாரத்திலிருந்து குறிப்பேட்டை நான்சி எடுத்தது முறையா? வழக்கறிஞரின் மகள் அவ்வாறு செய்யலாமா? இரு குழுக்களாகப் பிரிந்து வாதிடுக.

2. உம் ஊரில் வாழும் முதியவர் ஒருவரிடம் அவர் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, அதன் வரலாற்றை இரண்டு பக்க அளவில் எழுதுக. அவர் சொன்னவற்றுள் உம்மால் சரிபார்க்க முடிந்தவை எவை, முடியாதவை எவை எனத் தனியே குறிப்பிடுக.

3. ‘கதைச்சுருக்கம் தந்தவர், முழுக்கதையை எழுதியவர், வரிசையைக் காத்து வளர்த்தவர் ஆகிய மூவருள் நூலின் ஆசிரியர் எவர்?’ உம் கருத்தைக் காரணங்களுடன் விளக்குக.